தம்பியின் குடி அவன் கையில் இருக்கிறதா?

கேள்வி:

என் தம்பிக்கு 38 வயது. எலக்ட்ரீஷியன். கை சுத்தமான வேலைக்காரன் என்று ஊரில் பெயர். ஆனால் பல வருடங்களாகக் குடி. காலையில், "இனிமே தொடமாட்டேன்க்கா" என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் செய்வான். சாயங்காலம் வேலை முடிந்ததும் கால் கடைப்பக்கம் போய்விடும். நான் திட்டுவேன், சில சமயம் வாரக்கணக்கில் பேசாமலும் இருந்திருக்கிறேன். "அவன் தலையெழுத்து, விட்டுடு" என்கிறார் அம்மா. கல்லூரியில் படிக்கும் என் மகனோ, "மனுஷனுக்குச் சுயவிருப்பம்னு ஒண்ணு கிடையாதும்மா. நாம முடிவெடுக்கறதுக்கு முன்னாடியே மூளை முடிவெடுத்துடுதுன்னு சோதனை பண்ணி நிரூபிச்சுட்டாங்க. மாமா மேல கோபப்படறதுல அர்த்தமே இல்ல" என்கிறான். அப்படியானால் இத்தனை வருடம் நான் கோபப்பட்டது அநியாயமா? நான் எடுத்ததாக நினைக்கும் முடிவுகளும் என்னுடையவை இல்லையா? மனிதனுக்குத் தன் விருப்பப்படி நடக்கும் சுதந்திரம் உண்மையிலேயே இருக்கிறதா?

— ஒரு வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்:

இருக்கிறது, சகோதரி. ஆனால் எல்லா மனிதருக்கும் ஒரே அளவில் இல்லை. ஒரே மனிதருக்கும் எல்லா நேரத்திலும் ஒரே அளவில் இல்லை. உங்கள் தம்பியின் விஷயத்தில் இந்த இரண்டாவது பாதிதான் முக்கியம். அதற்கு வருமுன் உங்கள் மகன் சொன்ன சோதனையைப் பார்த்துவிடுவோம். அது உண்மையாக நடந்த சோதனை. ஆனால் அது எதைக் காட்டியது என்பதில்தான் பலரும் இடறுகிறார்கள்.

சான் பிரான்சிஸ்கோவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெஞ்சமின் லிபெட் என்ற நரம்பியல் அறிஞர் 1983இல் அந்த முடிவுகளை வெளியிட்டார். விரல்விட்டு எண்ணக்கூடிய சில மாணவர்களை உட்காரவைத்து, தலையில் மின்வாய்களைப் பொருத்தினார். எதிரே ஒரு திரை. அதில் ஓர் ஒளிப்புள்ளி கடிகார முள்போல 2.56 விநாடிக்கு ஒருமுறை சுற்றிவரும். "எப்போது தோன்றுகிறதோ அப்போது மணிக்கட்டை அசையுங்கள். அசைக்கவேண்டும் என்ற எண்ணம் வந்த கணத்தில் புள்ளி எங்கே இருந்தது என்பதை மட்டும் பார்த்துவைத்துச் சொல்லுங்கள்" என்றார். கை அசைவதற்குச் சுமார் 200 மில்லி விநாடிக்கு முன் எண்ணம் வந்ததாக அவர்கள் சொன்னார்கள். ஆனால் மூளையில் ஒரு மின்னேற்றம் அசைவுக்கு 550 மில்லி விநாடிக்கு முன்பே தொடங்கிவிட்டிருந்தது. ஆயத்த மின்னழுத்தம் என்று அதற்குப் பெயர். கார்ன்ஹூபர், டீக்கே என்ற இரு ஜெர்மானியர்கள் அதை 1960களிலேயே கண்டுபிடித்திருந்தார்கள். லிபெட் காட்டியது அதற்கும் எண்ணத்துக்கும் நடுவில் இருந்த இடைவெளியை; ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு விநாடி.

இதிலிருந்துதான் 'மூளை முதலில் முடிவெடுக்கிறது, நமக்குப் பிறகுதான் தெரிவிக்கிறது' என்ற பேச்சு உலகெங்கும் பரவியது. 2008இல் ஜான் டிலன் ஹேன்ஸ் குழுவினர் ஸ்கேன் கருவியை வைத்து, ஒருவர் இடது பொத்தானை அழுத்துவாரா வலது பொத்தானையா என்பதைப் பல விநாடிகளுக்கு முன்பே கணிக்கமுடிகிறது என்று எழுதியதும் அந்தப் பேச்சு உறுதிப்பட்டது. அந்தக் கணிப்பு சரியாக இருந்தது சுமார் 60 சதவீதம். நாணயத்தைச் சுண்டிவிட்டுச் சொன்னாலே 50 சதவீதம் சரியாக இருக்கும். இதைப் பற்றிப் பரவும் காணொளிகள் இந்த ஒப்பீட்டைச் சொல்வதில்லை. உங்கள் மகனிடம் நீங்கள் சொல்லுங்கள்.

லிபெட்டின் சோதனைக்கு வலுவான மறுவிளக்கம் 2012இல் வந்தது. ஆரன் ஷூர்கர் என்ற ஆய்வாளர் ஒரு எளிய கேள்வி கேட்டார். அந்த மின்னேற்ற வரைபடம் எப்படிக் கிடைத்தது? கை அசைந்த கணத்திலிருந்து பின்னோக்கிப் போய், பல தடவைப் பதிவுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துச் சராசரி எடுத்ததில் கிடைத்தது. மூளையின் மின்னோட்டம் எப்போதும் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பது. கடற்கரையில் நிற்கிறீர்கள், அலைகள் வந்துபோகின்றன. உங்கள் காலை நனைத்த அலைகளை மட்டும் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் முந்தைய சில விநாடிகளைப் படம்பிடித்துச் சேர்த்துப் பார்த்தால், எல்லாவற்றிலும் தண்ணீர் ஏறிவருவதுதான் தெரியும். ஏறிவந்து நனைக்காமல் திரும்பிய அலைகள் அந்தப் படத்தில் வரவே வராது. உங்கள் காலை நனைக்கவேண்டும் என்று கடல் முன்கூட்டி முடிவுசெய்ததாக அதற்குப் பொருள் இல்லை. அந்த மாணவர்களுக்குக் கையை இப்போது அசைக்க ஒரு காரணமும் இல்லை. அப்புறம் அசைக்கவும் ஒரு காரணமும் இல்லை. காரணம் எதுவும் இல்லாத இடத்தில், தானாக ஏறி இறங்கும் மின்னோட்டம் எப்போது ஒரு எல்லையைத் தாண்டுகிறதோ அப்போது கை அசைகிறது என்றார் ஷூர்கர்.

அப்படியென்றால், காரணம் உள்ள முடிவுகளில் என்ன நடக்கிறது? 2019இல் ஊரி மாவோஸ் குழுவினர் அதைச் சோதித்தார்கள். இரண்டு தொண்டு நிறுவனங்களின் பெயரைக் காட்டி, எதற்குப் பணம் போகவேண்டும் என்று கேட்டார்கள். ஒரு பகுதிச் சோதனையில் அந்தத் தேர்வுக்கு மதிப்பு உண்டு. தேர்ந்தெடுத்த நிறுவனத்துக்கு 1000 டாலர் வரை போகக்கூடும். இன்னொரு பகுதியில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் இரண்டுக்கும் சமமாகத்தான் போகும். பொருளற்ற தேர்வில் லிபெட் கண்ட மின்னேற்றம் தெளிவாக வந்தது. பொருளுள்ள தேர்விலோ அது இல்லை, அல்லது மிகவும் குறைந்திருந்தது. யோசித்து எடுக்கும் முடிவுக்கும் கையை வெறுமனே அசைப்பதற்கும் மூளை ஒரே வழியில் போவதில்லை என்பதற்கு இது நல்ல சான்று. ஒரு மகளை எந்தப் படிப்பில் சேர்ப்பது, கடனை எப்படி அடைப்பது, இன்று கடைக்குப் போவதா வேண்டாமா என்பவை மணிக்கட்டை அசைப்பது போன்ற முடிவுகள் அல்ல. லிபெட்டே தன் சோதனை சுயவிருப்பத்தைப் பொய்யாக்கியதாகச் சொல்லவில்லை என்பதையும் மகன் அறியவேண்டும். எழுந்த உந்துதலைக் கடைசி நொடியில் 'வேண்டாம்' என்று தடுக்கும் ஆற்றல் மனிதனுக்கு உண்டு என்று அவர் கடைசிவரை வாதிட்டார்.

இதனால் மகன் சொல்வதில் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிடாது. மூளை ஸ்கேனைவிடப் பழைய, கடினமான வாதம் ஒன்று இருக்கிறது. நாம் செய்வது நம் குணத்தால் வருகிறது. குணம் பிறப்பால், வளர்ப்பால், நேர்ந்தவற்றால் வந்தது. அவற்றில் எதையும் நாம் தேர்ந்தெடுக்கவில்லை. அப்படியிருக்க, செயலுக்கு நாம் எப்படிப் பொறுப்பு? அமெரிக்க உயிரியலாளர் ராபர்ட் சபோல்ஸ்கி 2023இல் ஒரு முழுப் புத்தகமே எழுதி இதை வாதிட்டார். குடிநோயில் இதற்குக் கணிசமான ஆதாரமும் இருக்கிறது. இரட்டையரையும் தத்துப்பிள்ளைகளையும் வைத்துச் செய்த ஆய்வுகள், குடிநோய்க்கு ஆளாவதில் மனிதருக்கு மனிதர் உள்ள வேறுபாட்டில் ஏறத்தாழப் பாதிக்குப் பரம்பரை காரணம் என்கின்றன. உங்கள் தம்பி தன் மரபணுவைத் தேர்ந்தெடுக்கவில்லை. முதல் குவளையை யார் நீட்டினார்கள் என்பதையும் முழுதாக அவர் தேர்ந்தெடுத்திருக்க மாட்டார்.

வேர்வரைக்கும் தோண்டிப்போனால் நம்மை நாமே படைத்துக்கொள்ளவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்த அளவு சுதந்திரம் மனிதனுக்கு இல்லை. ஆனால் ஒருவரை நம்புவதற்கும், அவரிடம் ஒரு பொறுப்பை ஒப்படைப்பதற்கும், தவறினால் கேட்பதற்கும் அந்த அளவு சுதந்திரம் நமக்கு எப்போதுமே தேவைப்பட்டதில்லை. தேவைப்படுவது வேறொன்று: எடுத்துச்சொன்னால் காதில் விழுவது, காரணம் புரிவது, புரிந்ததற்கேற்ப நடையை மாற்றமுடிவது. இந்த ஆற்றல் மூளையில்தான் இருக்கிறது. நோயால் கெடும், பயிற்சியால் வளரும். நடுக்கவாதத்துக்குக் கொடுக்கப்படும் சில மருந்துகளால், வாழ்நாளில் சீட்டைத் தொடாத சிலருக்குச் சூதாட்ட வெறி வந்திருக்கிறது. மருந்தைக் குறைத்தால் பலருக்கு அது போய்விடுகிறது. அத்தகைய வெறி பிடித்தவரையும் லாபக் கணக்குப் போட்டுச் சீட்டுக் கிளப் நடத்துபவரையும் நாம் ஒன்றாக வைத்துப் பேசுவதில்லை. இருவருடைய செயலும் மூளையிலிருந்துதான் வருகிறது. ஆனால் ஒருவரிடம் அந்த ஆற்றல் பழுதுபட்டிருக்கிறது, மற்றவரிடம் அப்படியே இருக்கிறது. 'எல்லாம் மூளைதான்' என்று சொல்லி இந்த வித்தியாசத்தை அழித்துவிட்டால் மருத்துவமும் இல்லை, நீதியும் இல்லை.

இப்போது தம்பிக்கு வருவோம். நீங்கள் எழுதியதில் என்னை நிறுத்திய இடம், காலையில் அவர் கையைப் பிடித்துச் செய்யும் சத்தியம். சாயங்காலம் அது உடைவதால் அதைப் பொய்ச் சத்தியம் என்று நீங்கள் எண்ணியிருக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. ஹாரி பிராங்க்பர்ட் என்ற தத்துவப் பேராசிரியர் 1971இல் எழுதிய ஒரு கட்டுரையில் போதைக்கு அடிமையான இருவரை ஒப்பிட்டார். ஒருவருக்குப் போதை வேண்டும். அது வேண்டியிருப்பதில் அவருக்கு வருத்தம் இல்லை. இன்னொருவருக்கும் வேண்டும், ஆனால் 'எனக்கு இது வேண்டாமல் போகவேண்டும்' என்ற இன்னொரு விருப்பம் உள்ளே போராடுகிறது. தன் ஆசையைப் பற்றியே ஓர் ஆசை வைத்திருப்பதுதான் மனிதனை மனிதனாக்குகிறது என்றார் அவர். உங்கள் தம்பி இரண்டாமவர். காலையில் பேசுகிறவரும் அவர்தான். அவருடைய சுயவிருப்பம் அங்கே உயிரோடு இருக்கிறது. மாலையில் வேலைக் களைப்பும், கடையைப் பார்த்ததும் எழும் உந்துதலும், உடன் வரும் சேக்காளிகளும் சேர்ந்து அதை அமுக்கிவிடுகின்றன.

அமுக்கிவிடுகின்றன என்றேன், அழித்துவிடுகின்றன என்று சொல்லவில்லை. இதற்கு ஆய்வுகள் உண்டு. அமெரிக்காவின் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் ஹிக்கின்ஸ் 1990களின் தொடக்கத்தில் கோகெய்ன் அடிமைகளுக்கு ஒரு சிகிச்சை முறையைச் சோதித்தார். சிறுநீர்ப் பரிசோதனையில் போதைப்பொருள் இல்லையென்றால் ஒரு பரிசுச் சீட்டு. தொடர்ந்து இல்லையென்றால் சீட்டின் மதிப்பு கூடிக்கொண்டே போகும். அதைக் கொடுத்து ஏதாவது பொருள் வாங்கிக்கொள்ளலாம். சாதாரண ஆலோசனை மட்டும் பெற்றவர்களைவிட இவர்கள் கூடுதல் காலம் போதையின்றி இருந்தார்கள். முற்றிலும் இயந்திரமாகிவிட்ட மனிதனுக்குப் பரிசுச் சீட்டு எப்படிப் பொருட்படும்? இன்னொன்று, வியட்நாம் போர் முடியும் தறுவாயில் லீ ராபின்ஸ் என்ற பெண் ஆய்வாளர் திரும்பிவந்த அமெரிக்கச் சிப்பாய்களைத் தொடர்ந்து கவனித்தது. வியட்நாமில் ஐவரில் ஒருவர் அளவுக்கு ஹெராயின் அடிமையாகியிருந்தார்கள். ஊர் திரும்பிய முதல் ஆண்டில், அடிமையாகியிருந்தவர்களில் மீண்டும் அடிமையானது சுமார் 5 சதவீதம்தான். இடம் மாறியது, கூட்டாளிகள் மாறினார்கள், பொருள் கைக்கெட்டும் தூரத்தில் இல்லை. ஒருவருடைய மனவலிமையில் எவ்வளவு பங்கு அவரைச் சுற்றியுள்ள இடத்திலும் ஆட்களிலும் இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய ஆய்வு எனக்குத் தெரியவில்லை.

உங்கள் அம்மா சொல்லும் தலையெழுத்துக்கு நம் மண்ணில் ஆழமான வேர் உண்டு. எல்லாம் நியதிப்படி நடக்கும், மனித முயற்சியால் ஆவது ஒன்றுமில்லை என்ற ஆசீவகக் கொள்கையை மற்கலி கோசாலர் வடக்கே புத்தர் காலத்தில் போதித்தார். அங்கே அது மறைந்த பின்னும் தமிழ்நாட்டில் பல நூற்றாண்டுகள் தாக்குப்பிடித்தது. மணிமேகலை சமயவாதிகளிடம் கேட்டறியும் கொள்கைகளில் அதுவும் ஒன்று. நீலகேசி என்ற சமணக் காப்பியம் அதை மறுக்கவே ஒரு தனிச் சருக்கம் ஒதுக்கியிருக்கிறது. மறுத்தவர்கள் கேட்டதன் சாரம் இதுதான்: முயற்சியால் பயனில்லை என்றால், அதை எனக்குப் போதிக்க நீ ஏன் முயல்கிறாய்? வள்ளுவர் இரு பக்கத்தின் வலுவையும் அறிந்தவர். ஊழ் அதிகாரத்தைக் கடைசிக் குறளில் ஊழின் கையோங்கும்படி முடித்தார்; ஆள்வினையுடைமை அதிகாரத்தைக் கடைசிக் குறளில் சலிக்காமல் முயல்கிறவன் பக்கம் முடித்தார். இதை முரண்பாடு என்று பட்டிமன்றத்தில் பேசுவார்கள். நான் அதை அனுபவமுள்ள ஒருவரின் நேர்மையாகப் பார்க்கிறேன்.

அம்மா அந்தச் சொல்லைச் சொல்வது அன்பினால்தான். மகனை வெறுக்காமல் இருக்க அவருக்கு அது உதவுகிறது. அவரோடு வாதாடவேண்டாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: பாட்டி சொல்லும் தலையெழுத்தும் பேரன் சொல்லும் மூளையும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன. 'அவனிடம் பேசிப் பயனில்லை' என்ற இடத்தில். தம்பியை மன்னிப்பது போலத் தொடங்கி, அவரைக் கைவிடுவதில் அது முடிந்துவிடுகிறது.

உங்கள் கோபம் அநியாயமா என்று கேட்டீர்கள். இல்லை. ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் பீட்டர் ஸ்ட்ராசன் 1962இல் சொன்ன ஒரு கருத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். சுவரில் முட்டிக்கொண்டால் வலிக்கும். சுவர்மீது நமக்கு மனத்தாங்கல் வராது. மனத்தாங்கல் வருவது, 'நீ இப்படிச் செய்யாமல் இருந்திருக்கலாமே' என்று நாம் எண்ணும் ஒருவர்மீதுதான். கோபம், நன்றி, மன்னிப்பு எல்லாம் மனிதரோடு மனிதராகப் பழகுவதன் பகுதிகள். ஒருவர்மீது கோபமே வராமல், நிர்வகிக்கவேண்டிய ஒரு பிரச்சினையாக மட்டும் அவரைப் பார்க்கத் தொடங்கினால், அவரை நம்மோடு பேசக்கூடிய ஆளாக வைத்திருக்கிறோமா என்பதே ஐயம். நீங்கள் தம்பியை இன்னும் ஆளாக வைத்திருக்கிறீர்கள். வாரக்கணக்கில் பேசாமல் இருந்ததுதான் வீண். அந்த வாரங்களின் காலைகளும் வீணாகப் போயின.

போதையில் இருப்பவரிடம் காட்டும் கோபமும் வீண்தான். மாலை ஏழு மணிக்கு அவரிடம் இருக்கும் சுதந்திரம் மிகக் குறைவு. காலை ஏழு மணிக்கு இருப்பது அதிகம். காலையில் இருக்கும் சுதந்திரத்தை வைத்து மாலையைக் கட்டிப்போடவேண்டும். நம் சட்டமும் பொறுப்பை இப்படித்தான் தேடுகிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 22ஆம் பிரிவு, மனநிலை பாதிப்பால் தான் செய்வது இன்னதென்று அறிய இயலாதவருக்கு விலக்கு அளிக்கிறது. 23ஆம் பிரிவோ, தனக்குத் தெரியாமலோ விருப்பத்துக்கு மாறாகவோ போதையேற்றப்பட்டவருக்கு மட்டும்தான் அந்த விலக்கைத் தருகிறது. தானே குடித்தவருக்கு அந்த விலக்கு இல்லை; தெளிவாக இருந்தபோது குவளையை எடுத்தது அவர்தான்.

மாலையைக் கட்டிப்போடுவது என்றால், சம்பளத்தை அன்றன்றைக்குக் கையில் வாங்காமல் மனைவியின் கணக்குக்கோ உங்கள் கணக்குக்கோ அனுப்பச் சொல்லி அவரே மேஸ்திரியிடம் கேட்பது. வேலை முடிகிற நேரத்தில் வீட்டார் ஒருவர் போய்க் கூட்டிவருவது. கடை வழியை விட்டு வேறு வழி. குடியை விட்டவர்கள் கூடும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்கு மாலையில் போவது. அந்தக் கூட்டங்கள் பெரும்பாலும் மாலையில்தான் நடக்கும், காசு வாங்குவதில்லை. இவை ஒவ்வொன்றையும் காலையில் பேசி, அவர் வாயால் சம்மதம் வாங்கிச் செய்யுங்கள்.

மருந்துகளும் உண்டு. டைசல்ஃபிராம் என்ற மாத்திரையைக் காலையில் போட்டுக்கொண்டவர் அதன்பின் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுப்பார். சாராயம் உடலில் உடைகிற வேதிவினையை அது இடையில் நிறுத்திவிடுகிறது. குடிக்கும் வேட்கையையே குறைக்கும் நால்ட்ரெக்சோன் போன்றவையும் இருக்கின்றன. எது பொருந்தும், ஈரல் தாங்குமா என்பதை மனநல மருத்துவர்தான் சொல்லவேண்டும். 'குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்' என்று விளம்பரம் செய்யும் பொடிகளையும் மாத்திரைகளையும் தயவுசெய்து நம்பாதீர்கள். டைசல்ஃபிராம் உள்ளே இருப்பது தெரியாமல் ஒருவர் குடித்தால் உயிருக்கே ஆபத்து. அதோடு, அவர் தன் கையால் எடுத்துப் போட்டுக்கொள்ளும் மாத்திரை அவருடைய முடிவு. திருட்டுத்தனமாகக் கலப்பது, அவரிடம் மிச்சமிருக்கும் அந்த முடிவையும் பறிப்பது.

உங்கள் சொந்த முடிவுகளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். தம்பியோடு மீண்டும் பேசுவதா, இப்படியே விடுவதா என்று காரணங்களை எடைபோட்டு, எனக்கு ஒரு கடிதம் எழுதி, பதிலைப் பார்த்துத் தீர்மானிக்கலாம் என்று காத்திருந்தீர்களே, அது உங்களுடைய முடிவுதான்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. நாளைக் காலை அவர் சத்தியம் செய்தால், அன்றைக்கே அடியோடு நிறுத்தச் சொல்லிவிடாதீர்கள். பல வருடம் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் வரலாம்; கவனிக்காவிட்டால் உயிர் போவதும் உண்டு. மருத்துவர் மேற்பார்வையில்தான் நிறுத்தவேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை எந்நேரமும் கூப்பிடலாம். தமிழிலேயே பேசுவார்கள், கட்டணம் இல்லை. அவர் தெளிவாக இருக்கும் ஒரு காலையில் உடன் உட்கார்ந்து, அந்த எண்ணை அவரையே அழைக்கச் சொல்லுங்கள்.